பம்பை

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஆடி மாதக் கூழ் வார்ப்பு, தீமிதி என்றால் பம்பை என்ற தாளக்கருவியின் சத்தம் கேட்டாக வேண்டும். ‘பம்பு’ என்ற பழைய வினையோடு உறவுள்ள பெயர் இது. நெருங்குதல், செறிதல், ஒலித்தல் என்று அவ்வினைக்குப் பொருள். அடர்ந்து விரிந்த முடியைப் பம்பைத்தலை என்பதிலும் அந்தச் செறிவு இருக்கிறது. கருவியைக் கேட்டவர்களுக்குப் பெயரின் பொருத்தம் உடனே விளங்கும்: ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு உருளைகள், ஒன்று மரம், மற்றது பித்தளை, இடுப்பில் கட்டி அடிக்கையில் இரண்டு ஒலிகளும் இடைவெளியின்றி மொய்த்து எழும். எவ்வளவு அழகான பெயரிடல்! உடுக்கையும் கைச்சிலம்பும் சேர்ந்துகொள்ள, பம்பைக்காரர் அம்மனை வர்ணித்துப் பாடுவார். அடி வேகமெடுக்கும்போது கூட்டத்தில் யாருக்காவது அருள் வந்துவிடும்.