பதினைந்து வயதுக்கு முன்: அரசுப் பள்ளி மாணவரும் அறிவியல் துறைத் தேர்வும்

முதல் தலைமுறையாகப் படிக்க வரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் குறைவாக இருப்பதற்கு ஆர்வமின்மையே காரணம் என்று பலர் நம்புகின்றனர். அதனால்தான் பிளஸ் டூ மாணவர்களுக்கான ஊக்க உரைகளையும் ஒருநாள் வழிகாட்டி முகாம்களையுமே தீர்வாகக் கருதுகிறோம். இக்கட்டுரை இதை மறுக்கிறது. ஆர்வம் பிள்ளைகளிடம் இருக்கிறது. நம் அழைப்புதான் தாமதமாகப் போய்ச் சேர்கிறது.

இங்கிலாந்தில் லூயிஸ் ஆர்ச்சர் தலைமையில் 2009-இல் தொடங்கிய ஆஸ்பையர்ஸ் ஆய்வு, 10 வயதிலிருந்து மாணவரின் விருப்பங்களைத் தொடர்ந்து பதிவு செய்தது. பெரும்பாலோர் அறிவியலை விரும்பினர். ஆனால் விஞ்ஞானியாக வேண்டும் என்றவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரே. இந்த இடைவெளியை ஆர்ச்சர் குழுவினர் ‘அறிவியல் மூலதனம்’ என்ற கருத்தால் விளக்கினர். வீட்டில் நடக்கும் பேச்சு, துறையில் தெரிந்த மனிதர், எந்தப் படிப்பு எங்கே கொண்டுசேர்க்கும் என்ற அறிவு ஆகியன அதில் அடங்கும். சமூகச் சூழல் வேறானாலும் இவ்விளக்கம் தமிழ்நாட்டுக்கும் பொருந்துகிறது.

இங்கே முடிவு நடைமுறையில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த சில வாரங்களில், பதினொன்றாம் வகுப்புக்கான பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் குரூப் தேர்வின்போது எடுக்கப்பட்டுவிடுகிறது. ‘கணக்கு கஷ்டம்’ என்ற அச்சமும், அருகிலுள்ள பள்ளியில் எந்தப் பிரிவு இருக்கிறது என்பதும் 15 வயதுப் பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றன.

வாய்ப்பு திறந்தால் பிள்ளைகள் வருவார்கள் என்பதற்கு மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடே சான்று. 2020-க்கு முன் நீட் வழியாக எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தில் இருந்தது. ஒதுக்கீடு வந்த முதல் ஆண்டிலேயே அது முந்நூறைத் தாண்டியது. 2021-இல் பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட படிப்புகளுக்கும் ஒதுக்கீடு விரிந்தது. இச்சாதனையை மதிக்கும் எவரும் அதன் எல்லையையும் காண வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தும், பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் எடுத்த மாணவிக்குப் பொறியியல் ஒதுக்கீட்டால் பயனில்லை.

சாதனையாளர்களை முன்னிறுத்தினால் போதாதா என்று கேட்கலாம். செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்த நிகர் ஷாஜி, சூரியனை ஆராயும் இஸ்ரோவின் ஆதித்யா எல்-1 திட்டத்துக்குத் தலைமை தாங்கினார். சந்திரயான்-3 திட்ட இயக்குநராக இருந்த வீரமுத்துவேல் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்துப் பொறியியலுக்கு வந்தவர். இவர்களின் பெயர் தரும் பெருமிதம் உண்மையானது. எனினும் மாணவருக்கு அதைவிடப் பயன்படுவது இவர்கள் வந்த வழி. டிப்ளமோவிலிருந்து பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பதை எத்தனை பெற்றோர் அறிவர்?

ஆகவே மூன்று மாற்றங்கள் தேவை. ஒன்று, வழிகாட்டல் ஏழு, எட்டாம் வகுப்பிலேயே தொடங்கி, குரூப் தேர்வு வரை பெற்றோரையும் உள்ளடக்கித் தொடர வேண்டும். இரண்டு, பத்தாம் வகுப்பில் 25 மதிப்பெண்ணுக்கான செய்முறைத் தேர்வோடு ஆய்வகம் நின்றுவிடாமல், நடுநிலை வகுப்புகளிலேயே ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் சோதனை செய்ய வேண்டும். மூன்று, ஒவ்வொரு ஒன்றியத்திலும் மாணவர் நடந்தோ பஸ்ஸிலோ சென்றுவரும் தூரத்தில் கணித, அறிவியல் பிரிவுகள் ஆசிரியர்களோடு இயங்க வேண்டும். மேல்படிப்பில் செய்யும் முதலீடு முழுப் பலன் தர, குரூப் தேர்வுக்கு முந்தைய நான்கு ஆண்டுகளிலும் அதே அக்கறையோடு முதலீடு செய்தாக வேண்டும்.