காந்த ஊசியும் கடலோடிகளும்

  

"திசைகாட்டியைக் கண்டுபிடித்தவர்கள் முஸ்லிம்களே" என்று நமது மேடைகளில் முழங்கப்படுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பாடசாலைப் பேச்சுப் போட்டிக்கென்று அதனை மனனம் செய்த பிள்ளைகளும் உங்கள் வீடுகளில் இருக்கக்கூடும். ஆனால் அக்கூற்று சரியானதன்று. நமது முன்னோரின் சிறப்பை எடுத்துரைப்பதற்குப் பிறருடைய சிறப்பைக் கவர்ந்துகொள்ள வேண்டிய தேவை நமக்கில்லை. நடந்ததை நடந்தவாறே பார்ப்போம்.

காந்தக் கல்லில் உரசிய ஊசி தென்வடலாக நிற்கும் என்பதனை முதலில் எழுதி வைத்தவர்கள் சீனர்கள். 1088ஆம் ஆண்டளவில் ஷென் குவோ என்ற சீன அறிஞர், அவ்வூசி சரியாகத் தெற்கை நோக்காமல் சற்று விலகியே நிற்கிறது என்பதனையும் குறித்து வைத்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜு யூ என்பவர், மாலுமிகள் இரவில் விண்மீனையும் பகலில் சூரியனையும் மேகமூட்டத்தில் ஊசியையும் பார்த்துக் கப்பல் செலுத்தியதைப் பதிவு செய்தார். விண்ணில் அடையாளம் தெரியாதபோது நாடும் துணையாகவே ஊசி அன்று இருந்தது என்பதனைக் கவனியுங்கள்.

முஸ்லிம் உலகில் இதனை விளக்கமாக எழுதியவர் பைலக் அல்கிப்ஜாக்கி ஆவார். ஹிஜ்ரி 640இல், அதாவது 1242ஆம் ஆண்டளவில், சிரியாவின் திரிப்போலியிலிருந்து அலெக்சாந்திரியாவுக்குக் கப்பலில் சென்றபோது கண்டதனை அவர் 1282இல் எழுதிய நூலில் விவரிக்கின்றார். மாலுமி ஒரு பாத்திரத்தில் நீர் நிரப்பி, துரும்பில் செருகிய ஊசியை அதில் மிதக்கவிடுவார். காந்தக் கல்லைக் கையிலெடுத்து நீருக்கு மேலாக வட்டமாகச் சுழற்றி, சட்டென்று விலக்கிக்கொள்வார். ஊசி சுழன்று தென்வடலாக நிற்கும். இந்தியப் பெருங்கடலில் செல்வோர் ஊசிக்குப் பதிலாக, உள்ளீடற்ற மெல்லிய இரும்பு மீனை மிதக்கவிடுவர் என்றும் அவர் கூறுகின்றார். நமது கரையோரம் வந்துபோன கப்பல்களையும் உள்ளடக்கிய கடலைப் பற்றிய செய்தியல்லவா இது!

சில ஆண்டுகளின் பின்னர், யெமன் நாட்டின் ரசூலி வம்சத்து சுல்தானான அல்மலிக் அல்அஷ்ரஃப் உமர் (மறைவு 1296) ஊசியைக் கொண்டு கிப்லாவைக் கணிக்கும் முறையைத் தமது நூலில் விளக்கினார். கடலோடியின் கருவி இவ்வாறு தொழுகையாளியின் கருவியுமாயிற்று. இதுதான் நாம் பெருமையோடு சொல்லத்தக்க செய்தி.

நிற்க. ஊசி கிடைத்தவுடன் கடற்பயணம் எல்லா இடங்களிலும் ஒரே விதமாக மாறிவிடவில்லை. மத்தியதரைக் கடலில் முன்னர் மாரிகால மேகமூட்டத்தின்போது பெரும்பாலான கப்பல்கள் துறைமுகத்தில் ஓய்ந்திருக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அவை மாரியிலும் ஓடத் தொடங்கின. நமது பெருங்கடலிலோ ஆட்சி செய்தது பருவக்காற்று. காற்றின் தவணையை ஊசியால் மாற்ற முடியுமா?

ஆகவே அரபு மாலுமிகள் விண்மீன்களைக் கைவிடவில்லை. அடிவானத்தை முப்பத்திரண்டு பகுதிகளாகப் பிரித்து, குறிப்பிட்ட விண்மீன்கள் உதிக்கும், மறையும் இடங்களின் பெயர்களையே அவற்றுக்குச் சூட்டினர். திசைகாட்டியின் தட்டும் அப்பெயர்களையே தாங்கியது. துருவ விண்மீனின் உயரத்தை விரற்கணக்கில் அளந்து, தாம் எவ்வளவு வடக்கில் அல்லது தெற்கில் இருக்கின்றோம் என்று அறிந்தனர். அல்குர்ஆனின் சூரத்துல் அன்ஆம் 97ஆவது வசனம் தரையிலும் கடலிலும் விண்மீன்களைக் கொண்டு வழியறிவதைப் பற்றிப் பேசுவதை அறிவீர்கள்.

ஆனால் நமது நாட்டில் அவ்விண்மீன் மிகவும் தாழ்ந்தே தெரியும். மாத்தளை மாவட்டத்து ரிவர்ஸ்டனில் நின்று வடக்கே நோக்கினால், அடிவானத்துக்கு மேலே ஏறத்தாழ ஏழரைப் பாகையில்தான் அது இருக்கும். நீட்டிய கையின் நான்கு விரல் அகலமே அவ்வுயரம். நக்கிள்ஸ் மலைகளின் மூடுபனி இறங்கிவிட்டால் அதுவும் இல்லை. கடல்மேலும் இதே நிலைதான். ஊசியின் அருமை அங்கேதான் விளங்கும்.

அவ்வூசியின் துணையோடு நம் தீவுக்கு வந்தவர்களுள் பெரியவர் செங் ஹே. 1371இல் யுன்னானில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த அவர், 1405 முதல் 1433 வரை ஏழு கடற்பயணங்களை நடத்திய சீனத் தளபதி. 1409ஆம் ஆண்டைத் தாங்கிய அவரது கல்வெட்டு 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது. அதில் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேவந்துறையில் கோயில் கொண்ட தெனாவரை நாயனாரையும் போற்ற, பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகின்றது. பிள்ளைகளை நூதனசாலைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் அக்கல்லின் முன் சற்று நின்று காட்டுங்கள். அதேவேளை, செங் ஹே சமாதானத் தூதராக மட்டும் வந்தவரல்லர் என்பதனையும் சொல்லுங்கள். இங்கே போர் புரிந்து, ஆட்சியாளர் ஒருவரை 1411இல் சீனாவுக்குக் கைதியாகக் கொண்டுசென்றார்.

இன்னொரு கதையையும் கேட்டிருப்பீர்கள். வாஸ்கோ ட காமாவுக்கு 1498இல் வழிகாட்டியவர் பெரும் மாலுமியான அஹ்மத் இப்னு மாஜித் என்பதே அது. மக்காவின் வரலாற்றாசிரியர் அந்நஹ்ரவாலி பதினாறாம் நூற்றாண்டில் எழுதியதிலிருந்து அது பரவியது. போர்த்துக்கேயப் பதிவுகளோ மாலிந்தியில் ஏறிய மாலுமி குஜராத்தைச் சேர்ந்தவர் என்கின்றன. இப்னு மாஜிதின் மீது அப்பழியைச் சுமத்த இன்று வரலாற்றாசிரியர்கள் பலர் உடன்படுவதில்லை.

வழிகாட்டியவர் எவராயினும், விளைவு நம்மவரைச் சுட்டது. 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தனர். கடல் வணிகத்தில் முஸ்லிம்கள் அவர்களுக்குப் போட்டியாளர் ஆயினர். 1626இல் அவர்கள் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னர் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் தந்தார். ஏறத்தாழ நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார். துறைமுகத்து மக்கள் வயலுக்கும் மலைக்கும் வந்த வரலாற்றில் அந்தச் சிறு ஊசிக்கும் ஒரு பங்குண்டு.

இன்று அவ்வூசியின் வேலையைக் கைத்தொலைபேசியினுள் உள்ள காந்த உணரி செய்கின்றது. இளைஞர்களே, ரிவர்ஸ்டனுக்குச் சுற்றுலா செல்லும்போது தொழுகை நேரம் வந்தால், வாகனத்தின் அருகிலோ அங்குள்ள தொலைத்தொடர்புக் கோபுரத்தின் அடியிலோ நின்று கிப்லாவைப் பார்க்காதீர்கள். இரும்பு அதனைத் திசை திருப்பிவிடும். இரும்புக் கப்பல்கள் வந்த காலத்தில் மாலுமிகளைத் தடுமாறச் செய்ததும் இதுவே. சற்று விலகி வெட்டவெளிக்குச் செல்லுங்கள். அங்கிருந்து கிப்லா நேர் மேற்கிலன்று. மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 24 பாகையில் உள்ளது. நமது நாட்டில் ஊசி மெய்யான வடக்கிலிருந்து ஏறத்தாழ 2 பாகை மேற்காக விலகி நிற்கும். ஷென் குவோ அன்று கண்ட விலகல் இதுதான்.