யாழ்ப்பாணத்துக் கள்மண்டியும் தாவர மீன்தீவனமும்: நொதித்தல் அறிவின் வளர்ச்சி பற்றிய ஓர் ஆய்வு

வளர்ப்பு மீன்களின் தீவனத்தில் மீன்மாவின் இடத்தைத் தாவரப் புரதங்கள் பிடித்துவரும் இக்காலத்தில், அப்புரதங்களின் குறைகளை மதுத் தொழிலின் கழிவுகளைக் கொண்டே ஈடுசெய்யலாம் என்னும் கருத்து வலுப்பெற்றுள்ளது. பிற நாடுகளில் இக்கழிவு பெரும்பாலும் பியர் ஆலைகளிலிருந்து பெறப்படுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதற்கு நிகரானவை பனங்கள்ளின் அடியில் தங்கும் மண்டியும், கள்ளிலிருந்து சாராயம் வடித்தபின் எஞ்சும் கழிவுநீருமாகும்.

பனம்பாளையின் சாற்றைச் சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கினால் அது நொதிக்காமல் கருப்பநீராக நிற்கிறது. சுண்ணாம்பு பூசாத முட்டியில் இறக்கினால், சர்க்கரையை மதுசாரமாக மாற்றும் ஒருகல நுண்ணுயிரான மதுவம் சில மணி நேரத்திலேயே அதைக் கள்ளாக்கிவிடுகிறது. மதுவம் என்னும் உயிரைப் பற்றி ஆய்வுகூடங்கள் பேசுவதற்கு முன்னரே குடாநாட்டு வீடுகளில் அப்பமாவைக் கள் விட்டுப் புளிக்கவைத்தனர் என்பது, ஒரு நொதித்தலின் விளைபொருளைக் கொண்டு மற்றோர் உணவைப் பக்குவப்படுத்தும் முறை இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதைக் காட்டுகிறது.

1970களில் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகியதும், விற்று மிஞ்சிய கள் பின்னர் வடமராட்சியின் திக்கம் போன்ற வடிசாலைகளுக்குச் சென்றதும், தவறணைதோறும் சிதறிக் கிடந்த கழிவை ஓரிடத்தில் திரளச் செய்தன. 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. 1987இல் தெய்வேந்திரராஜா, கிறிஸ்டோபர் ஆகிய ஆய்வாளர்கள் இலங்கைப் பனங்கள்ளின் நுண்ணுயிர்களையும் அவற்றின் செயற்பாட்டையும் பற்றிய ஆய்வை வெளியிட்டதோடு, சீவல் தொழிலாளரின் கைப்பழக்கமாக இருந்த அறிவு நுண்ணுயிரியலின் மொழியிலும் பதிவாயிற்று.

மதுவத்தைத் தீனியாகக் கொள்ளும் எண்ணமோ இதனினும் பழையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேர்லினில் மக்ஸ் டெல்புருக்கும் அவருடைய குழுவினரும் பியர் ஆலையில் எஞ்சிய மதுவத்தைக் கால்நடைத் தீனியாக்க முயன்றனர். முதலாம் உலகப் போரின்போது ஜேர்மனி மதுவத்தை உணவுக்காகவே வளர்த்தது. 1972இல் பெருவின் நெத்தலி மீன்பிடி வீழ்ச்சியுற்று மீன்மா விலை உயர்ந்தபோது, மாற்றுப் புரதங்களைத் தேடும் முயற்சி மீன்வளர்ப்புத் துறையிலும் தீவிரமாயிற்று. அவ்வாறு முன்வந்த சோயா, மீனின் செரிமானத்தைத் தடுக்கும் கூறுகளையும் கொண்டிருந்தது. அத்திலாந்திக் சால்மன் மீனின் குடலில் அது அழற்சியை உண்டாக்குவதை 1990களின் ஆய்வுகள் வெளிப்படுத்தின.

குடாநாட்டுக்கு இவ்வரலாற்றில் மிக நெருக்கமான பகுதி எள்ளுப் பிண்ணாக்கைப் பற்றியது. செக்கில் எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் இப்பிண்ணாக்கில் புரதம் மிகுதியெனினும், பொசுபரசு, நாகம் முதலிய கனியுப்புகளைப் பிணைத்து மீனுக்குக் கிடைக்காமற் செய்யும் பைற்றிக்கமிலமும் அதிலுண்டு. சாந்திநிகேதன் விசுவபாரதிப் பல்கலைக்கழகத்தின் முகோபாத்யாயும் ரேயும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், எள்ளுப் பிண்ணாக்கை இலற்றிக்கமில பற்றீரியாவால் நொதிக்கச் செய்தபோது பைற்றிக்கமிலம் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்தது. இலங்கைக் குளங்களிலும் விடப்படும் ரோகு மீனின் குஞ்சுகளுக்குப் பச்சைப் பிண்ணாக்கைவிட நொதித்த பிண்ணாக்கே ஏற்றதாயிற்று. மேலும், எள்ளில் மெதியோனைன் என்னும் அமினோவமிலம் மிகுந்து இலைசின் குறைந்திருக்க, மதுவத்திலோ இலைசின் மிகுந்து மெதியோனைன் குறைந்திருப்பதால், இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. மதுவத்தின் கலச்சுவரிலுள்ள பீற்றா குளுக்கன் மீனின் நோயெதிர்ப்பைத் தூண்டவல்லது என்பதும் இதனோடு கருதத்தக்கது.

ஆயினும் எல்லைகளும் உள. கள் பருவத்துக்குரியது, ஆண்டு முழுவதும் ஒரே அளவில் கிடைப்பதன்று. மண்டி நீர்ச்செறிவு மிக்கது. விரைவில் உலர்த்தாவிடின் பழுதடையும். வடிசாலைக் கழிவுநீரில் மதுவம் வெப்பத்தால் இறந்திருப்பதால் அது புரதமாகப் பயன்படுமேயன்றி பிண்ணாக்கை நொதிப்பிக்கும் வித்தாகாது; அவ்வித்துக்குக் காய்ச்சாத கள்ளின் மண்டியே வேண்டும். கொடுவா போன்ற ஊனுண்ணி மீனுக்கு, பிண்ணாக்கும் கள்மண்டியும் சேர்ந்த இத்தீவனம் மட்டும் போதாது. திலாப்பியா, ரோகு, பாலைமீன் ஆகியவற்றிலேயே இதனை முதலில் சோதித்தல் தகும்.

வடிசாலைக் கழிவுநீரை நிலத்தில் விடுவது, சுண்ணக்கல்லின் வழியே ஊறும் கிணற்று நீரையே நம்பி வாழும் குடாநாட்டுக்கு எவ்வகையிலும் பொருந்தாது. எனவே இக்கழிவைத் தீவனமாக்குதல் மீன்வளர்ப்போருக்கு மட்டுமன்றி, சீவல் தொழிலாளரின் வருவாய்க்கும் நிலத்தடி நீரின் காப்புக்கும் உரிய பணியாகும். பனை அபிவிருத்திச் சபையும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், நீருயிரின வளர்ப்புக்குப் பொறுப்பான அரச நிறுவனங்களும், செக்கு நடத்துவோரையும் கூட்டுறவுச் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு, உள்ளூர்க் குளங்களில் முறையான தீவனச் சோதனைகளைக் கூட்டாக மேற்கொள்ளுதல் வேண்டும்.