சங்கக்கடைக்கு முந்திய சங்கம்

‘சங்கம்’ என்றதும் இலக்கிய நேயர்களின் நினைவு மதுரைக்குப் போகும். எங்கள் தன்னாமுனையில் வயது முதிர்ந்த ஒருவரிடம் அதே சொல்லைச் சொன்னால், கூப்பன் புத்தகமும் அரிசிக்கு நின்ற வரிசையுமே அவர் நினைவுக்கு வரும். மட்டக்களப்பு வாவிக்கரையில் மட்டுமல்ல, இலங்கைத் தமிழர் வாழும் ஊர்களிலெல்லாம் சங்கக்கடை என்பது அரசாங்கக் கடை என்றே மனத்தில் பதிந்துவிட்டது. அந்தப் பெயருக்குப் பின்னால் மறைந்துபோன வேறொரு வரலாற்றை இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1844ஆம் ஆண்டின் இறுதியில், இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் நெசவாளரும் வேறு தொழிலாளருமாக 28 பேர், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு கடை திறந்தார்கள். மா, வெண்ணெய், சீனி, மெழுகுதிரி என்று கடையில் இருந்த பொருள்கள் மிகச் சில. ஆனால் அவர்கள் வகுத்த விதிகள் பெரியவை. கலப்படம் கூடாது, நிறை குறையக்கூடாது, இலாபம் வாங்கியவர்களுக்கே திரும்ப வேண்டும், பங்குப் பணம் எவ்வளவானாலும் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான்.

இலங்கையில் 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் வந்தது. அது கொடுத்த வாய்ப்பை யாழ்ப்பாணத்தார் இறுகப் பற்றிக்கொண்டார்கள். அங்கு விளைந்த மெல்லும் புகையிலைக்கு அக்காலத்தில் திருவிதாங்கூரே பெருஞ்சந்தை. கிணற்றுநீர் இறைத்து, எரு இட்டு வளர்த்தவன் விவசாயி. விலை சொன்னவன் இடைத்தரகன். கடன் வாங்கியவனுக்குப் பேரம் பேச வாயில்லை. இந்த நிலையில் 1930களில் மலையாளப் புகையிலை விற்பனவுச் சங்கம் எழுந்தது. அங்கத்தவரின் புகையிலையை ஒன்றுசேர்த்து, தரம் பிரித்து, முற்பணம் கொடுத்து, கடல் கடந்து விற்றுக் கணக்குத் தீர்த்தார்கள். தனியாக நின்றவன் கேட்க முடியாத விலையைச் சேர்ந்து நின்றவர்கள் கேட்டார்கள். 1936இல் மூளாயில் ஒரு கூட்டுறவு மருத்துவமனையும் தோன்றியது.

இந்த இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக விளங்கிய வீரசிங்கம் அவர்கள். 1974 ஜனவரி 10ஆம் நாள் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நிகழ்ச்சி துயரத்தில் முடிந்ததே, அந்த வீரசிங்கம் மண்டபத்தை அறியாத தமிழர் குறைவு. அது ஒரு கூட்டுறவாளரின் பெயர் என்பதை அறிந்தவர் மிகச் சிலரே.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பங்கீட்டு உணவை விநியோகிக்க ஊருக்கு ஊர் கூட்டுறவுக் கடைகள் திறக்கப்பட்டன. 1957இல் பிலிப் குணவர்தன பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களைக் கொண்டுவந்தார். 1970களின் தொடக்கத்தில் சிறிய சங்கங்கள் பெரியவற்றோடு இணைக்கப்பட்டன. பஞ்ச காலத்தில் இக்கடைகள் வயிறு காத்தன. அதை மறப்பது நன்றியன்று. ஆனால் அதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. உரிமையாளனாக இருந்த அங்கத்தவன் வரிசையில் நிற்பவனாக மாறினான். கணக்குக் கேட்கும் பழக்கமும் அவனைவிட்டுப் போயிற்று.

வாவியில் தோணி விடுகிறவரும் தெருவோரத்தில் சிறுகடை வைத்திருக்கிறவரும் இன்றும் தனித்தனியாகவே சந்தையை எதிர்கொள்கிறார்கள். முற்பணம் வாங்கியவர், கொடுத்தவருக்கே மீனையும் இறாலையும் அளக்க வேண்டும். சில்லறைக் கடைக்காரர் மொத்த வியாபாரி சொன்ன விலைக்கே சரக்கெடுக்க வேண்டும். எங்கள் மக்களுக்கு ஒருவரையொருவர் நம்பத் தெரியாது என்று சொல்ல முடியாது. எழுத்தில் ஒன்றுமில்லாமலே மாதாமாதம் சீட்டுக் கட்டி, முறை தவறாமல் எடுத்துக்கொள்கிறவர்கள் அவர்கள். பத்துச் சிறுகடைக்காரர் சேர்ந்து ஒரு லொறிச் சரக்கு எடுக்க அந்த நம்பிக்கை போதும். அதைத் தொடர்ந்து நடத்தத்தான், எவரும் திறந்து பார்க்கக்கூடிய கணக்குப் புத்தகம் வேண்டும்.

ரொச்டேல் நெசவாளரும் யாழ்ப்பாணத்துப் புகையிலை விவசாயிகளும் எவருடைய தயவுக்கும் காத்திருக்கவில்லை. தங்கள் கணக்கைத் தாங்களே எழுதினார்கள். அந்தப் பேனா கைமாறிய நாளில்தான் சங்கம் வெறும் கடையாயிற்று.