மீண்டும் அளக்கப்பட்ட உண்மை

கந்தப்பளை மலைகளிலே தை, மாசி மாதங்களில் விழும் உறைபனி தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும். அக்குளிர் கெல்வின் அளவையில் ஏறத்தாழ 273 ஆகும். அதற்கும் வெகு கீழே, 4.2 கெல்வினில், பாதரசம் மின்தடையை முற்றாக இழப்பதை 1911ஆம் ஆண்டில் ஒல்லாந்து அறிஞர் காமர்லிங் ஒன்னஸ் கண்டறிந்தார். மீகடத்துகை எனப்படும் இந்நிகழ்வின் வரலாற்றில் ஒரு கொள்கை எழுந்து தளர்ந்த விதத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலத்திரன்கள் இணைகளாகச் சேர்வதே மீகடத்துகைக்குக் காரணமென 1957இல் பார்டீன், கூப்பர், சிறீபர் ஆகியோர் விளக்கினர். சாதாரண இணையில் இரு இலத்திரன்களின் தற்சுழற்சிகளும் எதிரெதிரானவை. அவை ஒருதிசைப்படும் இணைகள் சிலவற்றில், பொருளின் விளிம்பிலே எளிதிற் குலையாத நிலைகள் தோன்றலாம். நுண்விவரங்களையன்றி மொத்த அமைப்பையே சார்ந்து நிற்பதால் இதனை இடத்தியல் மீகடத்துகை என்பர். பிழைகளுக்கு எளிதில் இடங்கொடாத குவாண்டம் கணிப்பொறி பற்றிய நம்பிக்கையும் இதனோடு பிணைந்ததாகும்.

1994இல் யப்பானிய அறிஞர் மயெனோ குழுவினர், படைபடையாய் அமைந்த ஸ்ரோன்சியம் ருத்தேனேற்றில் மீகடத்துகையைக் கண்டனர். இதன் உறவுப் பொருளொன்று காந்தமாதலின், இதிலும் தற்சுழற்சிகள் ஒருதிசைப்படலாம் என 1995இல் ரைசும் சிக்ரிஸ்டும் கருதினர். 1987இல் அண்டர்சனுடன் இணைந்து செப்பு ஒட்சைட்டு மீகடத்திகளுக்குக் கொள்கை வகுத்தவரும், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சார்ந்தவருமான கணபதி பாஸ்கரனும் 1996இல் இவ்வகை இணையையே முன்மொழிந்தார். 1998இல் இஷிடா குழுவினர் நடத்திய கருக் காந்தப் பரிவுச் சோதனையில், மீகடத்து நிலையிலும் தற்சுழற்சியின் காந்த விளைவு குறையவில்லை. ஆகவே கொள்கை உறுதியாயிற்று என்றே பலரும் எண்ணினர்.

ஆனால் 2019இல், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலீஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் முன்னின்ற குழுவொன்று அதனை மீள அளந்தது. அளவீட்டுக்குச் செலுத்திய வானொலி அலைத்துடிப்புகளே மாதிரியைச் சூடாக்கி, மீகடத்து நிலையைக் கணப்பொழுது கெடுத்திருந்தன. துடிப்பின் ஆற்றலைக் குறைத்தபோது, அந்தக் காந்த விளைவு தெளிவாகக் குறைந்தது. அடுத்த ஆண்டில் இஷிடா குழுவினரும் தாமே மீள அளந்து இதனை ஒப்பினர்.

தேடல் இத்துடன் ஓயவில்லை. 2020இல் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர், நையோபியச் சேர்மமொன்றின் மீகடத்திப் படையின்மேல் குரோமியச் சேர்மமொன்றின் காந்தப் படையை வளர்த்து, இடத்தியல் மீகடத்துகையின் அறிகுறிகளைக் கண்டதாக அறிவித்தனர்.

பாஸ்கரன் போன்றோரின் முயற்சி வீணென்று கூறுதல் பொருந்தாது. அவர்தம் கொள்கையே எதனை அளக்க வேண்டுமெனக் காட்டியது. அச்சேறிய வரிகளை மாறா உண்மையென மனனஞ் செய்யும் மாணவராகிய நாம், இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் தம் முடிவைத் தாமே திருத்திய அவ்வறிஞரின் நேர்மையையும் கற்றல் வேண்டும்.