ரஸ்தாளியும் மர்த்தமானும்

முக்கனியுள் வாழையைப் பற்றி எழுத எடுத்துக்கொண்டேன். வாழை மரமன்று, பெரும்பூண்டு என்பர் தாவரவியலார்; நமக்கு அது மரமே. இங்கே கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் இலையும் பூவும் தண்டும் வாங்குவோருக்கும், துர்கா பூஜைச் சப்தமி காலையில் நீராடிச் சேலையுடுத்தி வரும் கலா பௌ என்னும் வாழைப் பெண்ணைக் கண்டு கைகூப்புவோருக்கும் அதன் பெருமையைச் சொல்ல வேண்டுமா?

திருச்சிக்கு அருகே திருப்பைஞ்ஞீலி, மூவர் பாடல் பெற்ற தலம். பசியோடு நடந்து வந்த அப்பர் பெருமானுக்கு ஈசன் அந்தணர் வடிவில் பொதிசோறு அளித்ததைச் சேக்கிழார் விரித்துரைப்பார். தலமரம் ஞீலி வாழை. அதன் கனியை இறைவனுக்குப் படைத்து நீரில் விடுவதே மரபு, மாந்தர் உண்பதில்லை. நாவுக்கும் சந்தைக்கும் பயன்படாத ஒரு வகையைப் பக்தி ஒன்றே காத்து வந்திருக்கிறது. வகைகளை அழியாமல் வளர்த்துக் காக்கும் மரபுவளத் தோட்டம் என்று இன்று அறிஞர் சொல்வதற்கு இதைவிடப் பழைய சான்று எனக்குத் தெரியவில்லை. 1993இல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் அதே திருச்சியில் தொடங்கப்பட்டதைத் திருவருள் என்றே கொள்வேன்.

மரபுவளத் தோட்டங்களுக்குப் பெருந்தொல்லை தருவது பெயர்தான். நம் ரஸ்தாளி வங்கத்தில் மர்த்தமான், அசாமில் மால்போக், ஆந்திரத்தில் அமிர்தபாணி. நம் பூவன் இங்கே சாம்பா, கேரளத்தில் பாளையங்கோடன். நான்கு ஊரில் திரட்டிய கன்றுகள் நான்கு பெயரில் நான்கு வரிசை நிற்கும், வாழையோ ஒன்றே. வாழையை ஆராய்வதோ புதிதன்று. ஆடுதுறையில் வாழை ஆராய்ச்சி தொடங்கியது 1949இல். கே.சி. ஜேக்கப்பின் ‘மெட்ராஸ் பனானாஸ்’ என்னும் நூல் 1952இல் வந்தது. 1955இல் ஆய்வாளர்கள் சிம்மண்ட்ஸும் ஷெப்பர்டும் பதினைந்து புறக்குறிகளுக்கு மதிப்பெண் இட்டு, அக்குமினாட்டா, பால்பிசியானா என்னும் இரு காட்டு மூதாதையரின் பங்கைக் கணித்தார்கள். கண்ணை நம்பிய காலம் அது. மண்ணும் உரமும் புறத்தோற்றத்தை மாற்றிவிடும்.

டிஎன்ஏ அப்படி மாறுவதில்லை. அதில் இரண்டு மூன்று எழுத்துகளே அடுத்தடுத்துத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. எத்தனை முறை திரும்புகின்றன என்பது வகைக்கு வகை வேறுபடும். குருத்திலைத் துண்டிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, அவ்விடங்களைப் பெருக்கி, நீளத்தை ஒப்பிட்டால் எது ஒரே வகையின் இரட்டிப்பு, எது தனிவகை என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பெரும்பாலும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கன்றால் பெருகும் வாழையில் திடீர் மாற்றத்தால் குட்டையும் நெட்டையும் பிரிந்தால் இம்முறைக்கு வேற்றுமை தெரியாமல் போகலாம். தோட்டக்காரர் தொலைவிலேயே கண்டுகொள்வார்.

வகையை அடையாளம் கண்டால் போதாது, காக்கவும் வேண்டும். பழனியாண்டவர் பஞ்சாமிர்தம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றதில் நமக்கெல்லாம் பெருமிதம். அதற்குரிய விருப்பாச்சி வாழையை முடிக்கொத்து நச்சுயிரி பழனி மலையில் எவ்வளவு அழித்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

தாரக்நாத் பாலித் பெயர் தாங்கிய வளாகம், பாலிகஞ்ச் சர்க்குலர் சாலை 35ஆம் எண்ணில், நமக்கு நடை தூரம். கல்கத்தாப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறை அங்கேதான். இவற்றை ஆராய நம் பிள்ளைகள் அங்கே சேர வேண்டும். கோடையில் ஊருக்குப் போகையில் பாட்டனார் கொல்லையில் பெயர் தெரியாத வாழை நின்றால் ஊர்ப்பெயரோடு திருச்சி மையத்துக்கு எழுதுங்கள். கன்றை மட்டும் பெயர்த்து ரயிலேற்ற வேண்டாம். முடிக்கொத்து நோய் கன்றோடுதான் பயணம் செய்கிறது.