குருகு குடையும் துறை

திருவண்ணாமலையை வலம் வருவோர் மலையின் மேற்குப் புறத்தே அடி அண்ணாமலை என்னும் சிற்றூரை அடைவர். ஆதி அருணாசலேசுவரர் கோயிலால் புகழ்பெற்ற ஊர் அது. அங்கே மாணிக்கவாசகருக்கும் தனிக்கோயில் ஒன்று உண்டு. அவர் திருவெம்பாவையை அருளியது இவ்விடத்தே என்பது வழிவழி வந்த செய்தி. அவர் காலம் ஒன்பதாம் நூற்றாண்டு என்பாரே பலர்; அந்த ஆராய்ச்சியில் நாம் இன்று புக வேண்டுவதில்லை. நாம் காணவிருப்பது நீராட்டம்; அதிலும் பறவைகளின் நீராட்டம்.

திருவெம்பாவையின் இருபது பாடல்களுள் ஒன்று, மகளிர் ஆடப் புகும் பொய்கையை அம்மையும் அப்பனுமாகக் காண்கிறது. கருங்குவளை அம்மையின் நிறம். செந்தாமரை அப்பனின் நிறம். 'குருகு' என்றால் நீர்ப்பறவை, வளையல் என்றும் பொருள். பொய்கையில் பறவை, அம்மையின் கையில் வளை. விடியற்காலையில் துறைக்குச் சென்று, தமக்கு முன்பே வந்து நிற்கும் குருகினத்தைக் கண்டு பழகியவர்க்கன்றோ இத்தகைய சிலேடை தோன்றும்!

அதே நூலில், மகளிர் நீரைக் கையால் அளைந்து ஆடுவதைக் 'குடைதல்' என்பர் அடிகள். இச்சொல்லை நினைவிற் கொள்ளுங்கள். அவருக்குப் பல நூற்றாண்டு முற்பட்ட குறுந்தொகையின் 46ஆம் பாடலில், பிரிவால் வருந்தும் தலைவி ஒருத்தி வீட்டுக் குருவியைப் பார்க்கிறாள். அது முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்று, பொதுவிடத்து எருவின் நுண்பொடியில் ஆடிவிட்டு, இறவாணத்தில் தன் குஞ்சோடு தங்குகிறது. அந்தப் புழுதியாட்டத்திற்கும் புலவர் இட்ட சொல் குடைதலே. பாவை நோற்கும் பெண்ணுக்கும் புழுதியிற் புரளும் குருவிக்கும் ஒரே சொல்! குருவி புழுதியிற் குளிப்பதை இக்காலப் பறவை நூலோர் விரித்து எழுதுகின்றனர். நம் புலவரோ ஒரே அடியில் அதனைப் பதிந்து வைத்துவிட்டார்.

பறவை ஏன் குடைகிறது? இறகில் படிந்த அழுக்கு நீங்கவேண்டும். நனைந்த இறகைக் கோதி, வாலடிச் சுரப்பியின் நெய்யை அலகால் எடுத்துப் பூசினால் இறகு சீர்படும். மைனா ஆழமற்ற நீரில் நின்று, தலையை முக்கி, சிறகால் நீரை முதுகின்மேல் வாரி இறைக்கும். கரிச்சானோ நிற்பதில்லை, பறந்து வந்து நீரைத் தொட்டு மீளும். குளித்த பறவை நன்கு பறக்கமாட்டாது. ஆதலால் அருகில் ஒரு புதர் இருந்தாலன்றி அது நீரில் இறங்க அஞ்சும்.

மைனாவுக்கு வேண்டுவது இரண்டு விரற்கடை நீரே. சரிந்த ஏரிக்கரையில் அது எப்போதும் கிடைத்தது. படிக்கட்டுக் குளத்திலும், நீர் வற்ற வற்ற, ஏதேனும் ஒரு படி நீருக்குச் சற்றே கீழே நிற்கும். கரையைச் செங்குத்தாக வெட்டிச் சுவர் எழுப்பிய குளத்தில் நீர் நிறைந்திருந்தாலும் சிறு பறவைக்கு அங்கே துறையில்லை. குளத்தைச் செப்பனிடுவோர் பெரும்பாலும் எண்ணிப் பாராதது இது. விறகு வெட்டாலும் தீயாலும் மொட்டையாகிக் கிடந்த அண்ணாமலையின் சரிவுகளில் 1980களின் இறுதியிலிருந்து அன்பர்கள் மரம் நட்டு வளர்த்து வருகின்றனர். புதருக்கு அங்கே குறைவில்லை. கோடையில் ஒரு நாள் காலையில், மலையடியில் நீர் தேங்கிய இடமொன்றைத் தேடி, சற்று விலகி, அசையாது அமர்ந்திருந்து பாருங்கள். முதலில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வரும். ஒன்று காவல் நிற்க, மற்றவை குடையும்.